போகாத மூச்சு: கரியமிலவாயுவின் வரலாறும் திருகோணமலைக் கடலும்

மனிதன் மூச்சுத் திணறி இறப்பது நல்ல காற்று இல்லாமையால் என்றே உலகோர் பொதுவாகக் கருதுவர். அது உண்மையின் ஒரு பாதியே ஆகும். உட்செல்ல வேண்டிய காற்றுச் செல்லாமையால் நேரும் இறப்பு ஒன்று. வெளியேற வேண்டிய காற்று வெளியேறாமையால் நேரும் இறப்பு மற்றொன்று. முன்னதை மக்கள் தொன்றுதொட்டு அறிவர். பின்னதைத் தெளிவுற அறிந்து, அதற்கு மருந்தும் காண்பதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன. அவ்வறிவு வளர்ந்த வரலாற்றிலே சுண்ணாம்புக்கும் சுரங்கத்துக்கும் மூழ்கிய கப்பலுக்கும் வைத்தியசாலைக்கும் பங்குண்டு. திருகோணமலைத் துறைமுகத்துக்கும் அதில் ஒரு சிறு பங்குண்டு என்பது பலரும் அறியாத செய்தி.

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழப் 16 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது நிலாவெளி. அதன் வெண்மணற் கரைக்கு எதிரே, கடலினுள் ஒரு கிலோமீற்றர் அளவில், பவளப் பாறைகள் சூழ்ந்த புறாத்தீவு கிடக்கின்றது. 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அத்தீவினைச் சூழ்ந்த தெளிந்த நீரில், முகமூடி அணிந்து மூழ்கி மீன்களைக் காண்போர் இன்று மிகப் பலர். அவர்களுள் ஒவ்வொருவரும் நீரினுள் ஒரு கணத்தை உணர்வர்: “இனி மூச்சு விட்டேயாக வேண்டும்” என்று நெஞ்சு வற்புறுத்தும் கணம் அது. அவ்வாறு வற்புறுத்துவது எது? பிராணவாயுவின் குறைவு என்றே எவரும் விடையிறுப்பர். பெரும்பாலும் அது அன்று. உள்ளே பெருகிவிட்ட கரியமிலவாயுவே அவ்வாறு தூண்டுகின்றது. பாடநூல்கள் காபனீரொட்சைட்டு எனக் கூறுவது இதனையே.

முத்துக்குளிப்போர் அறிந்ததும் அறியாததும்

இலங்கைத் தமிழர்க்கு மூச்சடக்கி மூழ்கும் தொழில் புதியதன்று. மன்னார்க் கடலில், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முதலிய கரைகளை அடுத்து நடைபெற்ற முத்துக்குளிப்பு உலகப் புகழ் பெற்றது. குளிப்போர் காலிற் கல்லைக் கட்டிக்கொண்டு பல பாக ஆழத்துக்கு இறங்கி, ஒரு நிமிட நேரத்தளவு சிப்பிகளை வாரிக் கூடையில் இட்டு, கயிற்றை அசைத்துக் குறிப்புக் காட்டுவர். மேலே தோணியில் உள்ளவர் உடனே இழுத்துவிடுவர். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருத்தல் வேண்டும் என்று வழங்கும் பேச்சு, அத்தொழிலில் உயிர் எத்துணை மெல்லிய இழையில் தொங்கிற்று என்பதைக் காட்டும். தமக்கை தாலியைக் காக்க எண்ணுபவனே கயிற்றினின்று கண்ணெடாதிருப்பான் என்பது அதன் கருத்து.

மூச்சினைப் பற்றி ஆழ்ந்து எண்ணிய மரபும் தமிழருக்கு உண்டு. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் பிராணாயாமத்தை விரித்துக் கூறுகின்றது. காற்றை உள்வாங்கும் பூரகத்தோடும் நிறுத்தும் கும்பகத்தோடும் நில்லாது, வெளிவிடும் இரேசகத்தையும் ஒப்ப மதித்தமை அம்மரபின் சிறப்பு. எனினும், வெளிவரும் மூச்சிலே என்ன பொருள் உள்ளது, அது தங்கினால் குருதியில் என்ன நிகழும் என்னும் வினாக்கள் வேறு வகையின. இரசாயன ஆய்வாலன்றி விடை காண இயலாதவை. பழைய நூல்களில் அவ்விடையும் உண்டென வலிந்து பொருள் கொள்ளுதல் அந்நூல்களுக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

சுண்ணாம்பு தந்த முதல் விளக்கம்

முதல் விளக்கம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் எளிய சுண்ணாம்பிலிருந்து வந்தது. சிப்பியையும் பவளக்கல்லையும் சூளையிற் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குதல் ஈழத்துக் கடற்கரைகளிற் பழகிய தொழில். சுடும்போது கல் எடை குறைகின்றது. அக்குறைவு எங்கே சென்றது என்பதை ஸ்கொத்துலாந்து தேசத்து யோசேப்பு பிளாக் என்னும் அறிஞர் 1750களில் ஆராய்ந்தார். கல்லினுள் கட்டுண்டு கிடந்த ஒருவகை வாயு வெப்பத்தால் வெளியேறுகின்றது எனக் கண்டு, அதற்கு “நிலைத்த காற்று” எனப் பெயரிட்டார். தெளிந்த சுண்ணாம்பு நீரினுள் அக்காற்றைச் செலுத்தின், அது பால்போல் வெளிறும். மனிதன் வாயால் ஊதும் மூச்சினைச் செலுத்தினும் அவ்வாறே வெளிறக் கண்டார். ஆகவே, சூளையில் எழும் காற்றும் மனிதன் நெஞ்சினின்று எழும் காற்றும் ஒன்றே என்பது பெறப்பட்டது. பள்ளி ஆய்வுகூடங்களில் இன்றும் மாணாக்கர் செய்து பார்க்கும் சோதனை இதுவே. பின்னர், பிரான்சு நாட்டு இலவோசியர், சுவாசம் என்பது மெதுவாக நிகழும் எரிதலே என விளக்கினார். விளக்கு எண்ணெயை எரித்துப் புகை விடுவதுபோல, உடல் உணவை எரித்துக் கரியமிலவாயுவை விடுகின்றது.

இங்கு ஒன்றை மனத்திற் பதித்தல் வேண்டும். எந்தச் சுண்ணாம்பு இவ்வாயுவைக் காட்டிக் கொடுத்ததோ, அதே சுண்ணாம்பு அதனைப் பற்றி உறிஞ்சவும் வல்லது. இவ்வுண்மையே பின்னாளில் கடலினுள் சென்ற வீரரின் உயிர்க்கவசமாயிற்று.

தம் உடலையே உரைகல்லாக்கிய தந்தையும் மைந்தரும்

கழிவாகவே எண்ணப்பட்ட இவ்வாயு, உண்மையில் சுவாசத்தை ஆளும் அரசனும் ஆகும் என்று நாட்டியவர் ஸ்கொத்துலாந்து தேசத்து உடற்றொழிலியல் அறிஞர் ஜே. எஸ். ஹோல்டேன். அவர் 1892ஆம் ஆண்டளவில், லொரேன் ஸ்மித் என்பாருடன் கூடி, காற்றுப் புகாத சிறு மர அறையினுள் மனிதர் அடைபட்டிருந்து, தாம் விட்ட மூச்சையே மீண்டும் சுவாசித்தால் யாது நிகழும் என ஆராய்ந்தார். பிராணவாயு குறைவதற்கு நெடுமுன்னரே, பெருகும் கரியமிலவாயுவால் மேல்மூச்சு வாங்குவது கண்டறியப்பட்டது. 1905ஆம் ஆண்டில் அவரும் பிறீஸ்ற்லியும் வெளியிட்ட ஆய்வு இதனை நிலைநிறுத்திற்று. மலையுச்சியிலும் ஆழ்சுரங்கத்திலும் அழுத்த அறையிலும் அவர்கள் நுரையீரற் காற்றை அளந்தனர். எங்குச் சென்றாலும் அதிலுள்ள கரியமிலவாயுவின் அழுத்தத்தை உடல் ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்திருந்தது. நுரையீரற் காற்றில் அது நூற்றுக்கு 0.2 பங்களவு மிகுந்தாலும் சுவாசத்தின் அளவு இருமடங்காகும் என்றும் அவர்கள் கண்டனர். இத்துணை நுண்ணிய காவலன் மூளையின் அடிப்பகுதியில் உள்ளான். அவன் எழுப்பும் ஓலமே மூழ்குவோன் நெஞ்சில் எழும் வற்புறுத்தல்.

ஹோல்டேனின் மைந்தர் ஜே. பி. எஸ். ஹோல்டேன் தந்தையின் வழிநின்றார். 1939ஆம் ஆண்டு யூன் 1ஆம் நாள், லிவர்பூல் விரிகுடாவில் “தெற்றிஸ்” என்னும் புதிய நீர்மூழ்கிக் கப்பல் சோதனைப் பயணத்தில் மூழ்கிற்று. கப்பலில் 103 பேர் இருந்தனர். அது வழக்கமாகக் கொள்ளும் தொகையின் இருமடங்கு. தொழிலாளரும் பொறியியலாளரும் சோதனையைக் காண உடன் சென்றமையே காரணம். பின்புறம் நீர்மட்டத்துக்கு மேல் தெரிய, உதவிக் கப்பல்கள் அருகே நிற்க, 99 பேர் மாண்டனர், நால்வரே தப்பினர். அடைபட்ட காற்றில் பெருகிய கரியமிலவாயுவே பெரும்பாலாரைக் கொன்றது. இறந்த தொழிலாளரின் சங்கங்கள் வேண்டியதற்கிணங்க, ஹோல்டேன் தோழர் சிலருடன் ஒரு சிறிய எஃகு அறையினுள் பல மணி நேரம் அடைபட்டிருந்து, அக்கப்பலில் இருந்தோர் பட்ட துன்பத்தைத் தாமும் பட்டுப் பார்த்தார். கொடிய தலைவலி, மேல்மூச்சு, அறிவுத் தடுமாற்றம் ஆகியன தோன்றும் முறையை அறிந்து சான்றும் பகர்ந்தார். இத்தகைய காற்றிலிருந்து திடீரெனத் தூய பிராணவாயுவுக்கு மாறுவோர்க்கு வாந்தியும் உண்டாகும் என்பதும் அறியப்பட்டது.

அவர் 1957ஆம் ஆண்டில் இந்தியாவிற் குடியேறி, கல்கத்தாவிலும் பின்னர் புவனேசுவரத்திலும் பணிபுரிந்து, இந்தியக் குடிமகனாகவே 1964ஆம் ஆண்டு திசெம்பர் 1ஆம் நாள் மறைந்தார். இறந்தபின் தம் உடலை மருத்துவக் கல்விக்கு அளிக்குமாறு எழுதிவைத்தார். வாழுங்காலத்தும் அவ்வுடலை அறிவுக்கே அவர் அளித்திருந்தார் எனல் பொருந்தும்.

துறைமுகத்திலிருந்து சென்ற தேர்கள்

உயர்த்தப்பட்டுச் செப்பனிடப்பட்ட “தெற்றிஸ்”, “தண்டர்போல்ற்” என்னும் புதுப்பெயருடன் போருக்குச் சென்றது. 1943ஆம் ஆண்டு சனவரியில் அது மத்தியதரைக் கடலில் ஒரு புதுவகைப் படைக்கலத்தைச் சுமந்து சென்றது. அதற்குத் “தேர்” என்னும் பொருள்படப் பெயரிட்டிருந்தனர். நீர்ச்சரத்தின் வடிவாயமைந்த அத்தேரின் மேல் இருவர் குதிரையேறுவார்போல் அமர்ந்து, நீருக்கடியிற் சென்று, பகைவர் கப்பலின் அடியில் வெடியைப் பொருத்தி மீள்வர். “தண்டர்போல்ற்” 1943 மார்ச்சில் மாலுமியர் அனைவருடனும் அழிந்தது.

திருகோணமலையோ 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானியர் குண்டு வீச்சுக்கு இலக்காகி, பின் மீண்டெழுந்து, பிரித்தானிய நீர்மூழ்கிகளின் தளமாயிற்று. 1944ஆம் ஆண்டு ஒக்டோபரில் இத்துறையினின்று புறப்பட்ட “திரெஞ்சன்ற்” என்னும் நீர்மூழ்கி, இரு தேர்களைச் சுமந்து சீயம் நாட்டுப் புக்கெற் துறைமுகத்தை அணுகிற்று. தேருக்கு இருவராகச் சென்ற நால்வரும் அங்கு நின்ற இரு கப்பல்களின் அடியில் வெடிகளைப் பொருத்திவிட்டு, உயிருடன் தாய்க்கப்பலை அடைந்தனர்; வெடிகளும் தவறாது வெடித்தன.

அந்நால்வரும் நீரினுள் மூச்சு விட்டது எவ்வாறு? குமிழிகள் மேலெழுந்தால் பகைவர் காண்பர். ஆதலின், வெளிவிட்ட மூச்சைக் கடலில் விடாது, ஒரு பையிற் சேர்த்து, சோடாச் சுண்ணாம்பு நிறைந்த கலத்தின் வழியாகச் செலுத்தி, கரியமிலவாயுவை நீக்கிய பின் பிராணவாயு கலந்து மீண்டும் சுவாசித்தனர். யோசேப்பு பிளாக் கண்ட சுண்ணாம்பின் குணம், இரு நூற்றாண்டு கழித்து, அவர்கள் மார்பிற் கவசமாகத் தொங்கிற்று.

அக்கவசத்திலும் ஒரு வழு இருந்தது. இத்தகைய கருவி பூண்ட பிரித்தானியக் கடற்படையினர் சிலர், ஆழமற்ற நீரிலேயே, யாதொரு குறிப்புமின்றி நினைவிழந்தனர். பையில் பிராணவாயு நிறைய இருந்தது. பின் ஏன் மயங்கினர்? பார்லோ, மக்கின்ரொஷ் என்னும் ஆய்வாளர் 1944ஆம் ஆண்டில் விடை கண்டனர். கலத்துச் சுண்ணாம்பு முற்றும் உறிஞ்சாது எஞ்சிய கரியமிலவாயுவே மெல்ல மெல்லப் பெருகி மயக்கியது. பிராணவாயு நிறைந்திருப்பினும் மனிதன் கரியமிலவாயுவால் வீழ்வான் என்னும் உண்மை இங்குத் தனித்து நின்று விளங்கிற்று. இவ்வுண்மையின் பெறுமதியை வைத்தியர்கள் உணர மேலும் எட்டு ஆண்டுகள் சென்றன.

போரின் பின் நீர்மூழ்குங் கலை அமைதிப் பணிக்குத் திரும்பியது. 1624ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் இடித்தழித்த திருக்கோணேசுவர ஆலயத்தின் தூண்களும் கற்களும் சுவாமி மலையடியில் கடலுட் கிடப்பதை ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956ஆம் ஆண்டிற் கண்டு உலகுக்கு உணர்த்தினர். அவ்வகையாகப் பயன்பட்ட புதிய மூழ்குங் கருவி, வெளிவிடும் மூச்சை நீரிலேயே குமிழியாக விட்டுவிடுவது. ஆதலின் கரியமிலவாயு அதில் தேங்குவதில்லை. எனினும், கலத்துக் காற்றைச் சேமிக்க எண்ணி மூச்சை இடையிடையே நிறுத்துவோர் அவ்வாயுவைத் தம் குருதியிலே தேக்கிக் கொள்வர். இதற்கு மறுதலையான தவறும் உண்டு. கருவியின்றி மூழ்குமுன் பன்முறை வேகமாக மூச்செறிவோர், கரியமிலவாயுவை அளவிறந்து வெளியேற்றிவிடுகின்றனர். காவலன் உறங்கிவிட, எச்சரிக்கை எழுமுன்னரே பிராணவாயு தீர்ந்து, அவர்கள் நீரினுள் மயங்குவர். இதனைக் கிறெய்க் என்பார் 1961ஆம் ஆண்டில் விளக்கினார். நிலாவெளிக் கடலில் நீந்தும் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

கோப்பன்கேகன் நகரில் ஒரு திருத்தம்

1952ஆம் ஆண்டின் கோடையில் டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்கேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. சுவாசத் தசைகள் செயலிழந்தோர் பிளெக்டாம் வைத்தியசாலையில் வந்து குவிந்தனர். அங்கிருந்த இரும்பு நுரையீரல் ஒன்று. மார்புக் கவச வடிவான சிறு கருவிகள் ஆறு. தொடக்கத்தில் இவற்றாற் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர்.

அவர்கள் குருதியில் இருகாபனேற்று மிகுந்திருந்தது. அதனைக் கண்ட வைத்தியர்கள், குருதியிற் காரம் மிகுந்துவிட்டது எனப் பொருள் கொண்டனர். உணர்விழக்கச் செய்யுங் கலையில் வல்ல பியோர்ண் இப்சன் என்பார், அதே அளவீட்டை வேறாகப் படித்தார். அது காரமன்று, வெளியேற மாட்டாது தேங்கிய கரியமிலவாயுவின் அடையாளம், நோயாளர் மாய்வது போதிய சுவாசம் இன்மையாலேயே என்றார். ஓகத்து 27ஆம் நாள், இறக்குந் தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் மூச்சுக் குழலில் துளையிட்டுக் குழாய் புகுத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றை ஊட்டினார். தேங்கிய வாயு வெளியேறியது, சிறுமி பிழைத்தாள். குருதியின் அமிலத்தன்மையை நேரே அளந்து, இப்சன் கூற்று மெய்யென ஆய்வுகூட வைத்தியர் அஸ்துருப் காட்டினார்.

ஆனால், ஒரே வேளையில் எழுபது நோயாளர் வரை இவ்வாறு காற்று வேண்டி நின்றனர். அதற்கு இயந்திரம் இல்லை. மருத்துவ மாணாக்கர் ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து, இரவும் பகலும், வாரக்கணக்காகப் பைகளைத் தம் கைகளால் அழுத்தினர். நூற்றுக்கு 87 ஆக இருந்த இறப்பு, ஏறத்தாழ 40 ஆகக் குறைந்து, பின்னரும் தாழ்ந்தது. இன்று உலகெங்கும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தோற்றுவாய் இதுவே. மாணாக்கர் கல்லூரிக் காலத்திலேயே வரலாற்றை மாற்ற வல்லவர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

அறிதலும் தீர்த்தலும்

இந்நிகழ்ச்சியின் பின் அளவிடுங் கருவிகள் விரைந்து தோன்றின. 1954ஆம் ஆண்டில் இசுற்றோ கருதிய மின்வாயை, 1958ஆம் ஆண்டில் செவரிங்கவுசு செம்மையாக்கினார். சில துளி நாடிக் குருதியால் கரியமிலவாயுவின் அழுத்தத்தை இன்று சில நிமிடங்களில் அறியலாம். 35 முதல் 45 இரச மில்லிமீற்றர் வரை இயல்பான நிலை. மிகுமாயின் காலையில் தலைவலி, பகலில் உறக்கம், தோலின் வெம்மை, துள்ளும் நாடி, நீட்டிய கைகள் படபடத்தல், மனத் தடுமாற்றம் ஆகியன முறையே தோன்றி, முடிவில் உணர்விழப்பு நேரும். இக்குறிகளைக் களைப்பென்றும் முதுமையென்றும் வீட்டார் கருதிவிடுதலே பெருந் தீங்கு.

விறகடுப்பின் புகையிற் பல்லாண்டு சமைத்த பெண்டிரும், சுருட்டும் பீடியும் புகைத்த ஆடவரும் நாட்பட்ட நுரையீரல் நோயால் இந்நிலையை அடைதல் கூடும். அவர்கட்குப் பிராணவாயுவை வரையறையின்றி ஊட்டினால், குருதியில் கரியமிலவாயு மேலும் ஏறும். நுரையீரலிற் குருதியோட்டம் இடம் மாறுதலும், பிராணவாயு ஏறிய குருதி கரியமிலவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குறைதலும், சுவாசத் தூண்டல் தளர்தலும் அதற்குக் காரணங்கள். ஆகவே, அளந்து கொடுக்கும் முறையை 1960ஆம் ஆண்டில் கம்பெல் என்பார் வகுத்தார். 2010ஆம் ஆண்டில் தஸ்மேனியாவில் நிகழ்ந்த ஆய்வு, அளந்து கொடுத்தலால் இறப்புக் குறைவதை மெய்ப்பித்தது. இத்தகையோர்க்குப் பிராணவாயு நிறைவு நூற்றுக்கு 88 முதல் 92 வரை இருத்தலே இன்று இலக்காகக் கொள்ளப்படுகின்றது. தேங்கியதை வெளியேற்ற வேண்டியது சுவாசமே. அதற்கு முகமூடி வழி காற்றழுத்தி உதவும் இயந்திரம் பல உயிர்களைக் காக்கின்றது. அது போதாவிடின் குழாய் புகுத்திச் சுவாசம் நடத்துவர். உறக்க மருந்தாலோ அபின் வகை மருந்தாலோ சுவாசம் தளர்ந்ததாயின், அம்மருந்தை நிறுத்துதலும் அபின் வகைக்கு மாற்று மருந்து ஊசியால் ஏற்றுதலும் முதற்கடன்.

2020ஆம் ஆண்டிற் பரவிய பெருந்தொற்றுக் காலத்தில், விரல்நுனியில் மாட்டிப் பிராணவாயுவைக் காட்டும் சிறு கருவி பல இல்லங்களிற் புகுந்தது. அது நற்றுணையே. ஆயினும் அது உட்சென்ற காற்றின் கணக்கையே காட்டும். போகாத மூச்சின் கணக்கைக் காட்டாது. பிராணவாயு ஊட்டப்படும் நோயாளர் ஒருவரின் விரலில் எண் நன்றாகவே இருக்க, அவர் எழுப்பவும் எழாத உறக்கத்தில் ஆழ்தல் கூடும். கருவி நிறைவு காட்டினும் உறக்கம் மிகுமாயின், வைத்தியசாலையை உடனே நாடுதல் வேண்டும்.

பையில் பிராணவாயு நிறைந்திருந்தும் நீரில் மயங்கிய வீரரும், குருதியின் அளவீடு கையிலிருந்தும் காக்கப்படாத கோப்பன்கேகன் நோயாளரும், விரற்கருவி நல்ல எண் காட்டியும் உறங்கிப்போகும் இன்றைய முதியவரும் உணர்த்துவது ஒன்றே. குறி கண்முன் இருந்தால் மட்டும் போதாது. அதனைச் சரிவரப் படிப்பார் வேண்டும். முத்துக்குளிப்பிற் கயிற்றின் அசைவைப் பிறழாது அறிந்த மைத்துனனின் கண்ணே, நோயாளர் கட்டிலருகிலும் வேண்டப்படுவது. வாங்கும் மூச்சுக்கு அஞ்சும் உலகம், போகாத மூச்சுக்கும் அஞ்சக் கற்றல் வேண்டும்.